தரவு தேவையில்லை

சுபோதினி கணினிப் பெட்டியைக் கடை மேசையில் போட்ட போட்டில் அங்கிருந்த பேனைகள் உருண்டு கீழே விழுந்தன. ஓட்டோவிலிருந்து இறக்கி இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஐம்பத்தொரு வயதில் செய்கிற வேலையா இது. கையிலே அழுக்கு, கழுத்திலே வியர்வை, தோளிலிருந்து நழுவிய கைப்பையை எடுத்து மாட்டக்கூடப் பொறுமை இல்லை. வெள்ளவத்தை காலி வீதியில் புடைவைக் கடைகளுக்கு மேலே இருந்த அந்தக் கணினி திருத்தும் கடையில் வேறு யாரும் இல்லை. முக்காடு போட்ட ஒரு பெண் மட்டும் சின்னச் சின்ன ஆணிகளை ஒரு போத்தல் மூடிக்குள் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் நிம்றா என்று இருந்தது.

"ஆரைக் கேட்டு அழிச்சனீங்கள்?"

"என்ன மிஸ்?"

"போன கிழமை இஞ்ச திருத்தின பெட்டி இது. பவர் வரேல்லை எண்டுதானே தந்தது. பவரை மட்டும் பாத்திருக்கலாமே. உள்ளுக்கு இருந்த எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சு அனுப்பியிருக்கிறீங்கள். என்ர ரெண்டு வருச வேலை அதுக்குள்ள கிடந்தது. உங்களுக்கெல்லாம் இது விளையாட்டு, என்ன?"

நிம்றா கீழே குனிந்து பேனைகளைப் பொறுக்கி வைத்தாள். பிறகு தடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, எச்சில் தொடாமல் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினாள். மூன்று மொழியிலும் அச்சடித்த படிவம். நடுவிலே, வாடிக்கையாளரின் தரவு, தேவை, தேவையில்லை என்று இரண்டு பெட்டிகள். தேவையில்லை என்ற பெட்டியில் கார்பன் தாளையும் கிழித்துக்கொண்டு போகிற அளவுக்கு அழுத்தி ஒரு சரி போடப்பட்டிருந்தது. கீழே கையெழுத்து. முப்பது வருசமாக நோர்வேயிலிருந்து வருகிற வாழ்த்து மடல்களில் அவள் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து நிற்கிற அண்ணன் கிருபாகரன்.

"நான் ரெண்டு தரம் கேட்ட மிஸ். ஃபோட்டோ கீட்டோ ஒண்டும் இல்லயாண்டு. அந்த அங்கிள் ஒண்டும் தேவல்ல, முழுசா ஃபோர்மட் பண்ணுங்கண்டு சென்னாங்க."

சுபோதினிக்குக் காது இரண்டும் சுட்டது. கடைக்காரர்மேல் கொட்டவென்று வீட்டிலிருந்து காலி வீதிவரை சேர்த்துக்கொண்டு வந்த கோபம் முழுவதும் கையிலேயே நின்றது. "கடைக்காரன் செய்த வேலை சுபா, இவங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று இரண்டு நாளைக்கு முதல் அண்ணன் சொன்னபோது அவள் அதை நம்பியிருந்தாள். அவன் வெயிலுக்குள் தூக்கிக்கொண்டு போய்த் திருத்திக் கொண்டுவந்தானே என்று இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு இடியப்பம் கூடப் போட்டிருந்தாள். அந்த இரண்டு இடியப்பத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"திருப்பி எடுக்கலாமோ?"

"மேல புதுசா விண்டோஸ் போட்டிருக்கி. எல்லாம் வராது. பாக்கேலும். சனிக்கெழம பின்னேரம் வாங்க."

சனிக்கிழமை ஆறு மணிக்குள் அச்சகத்துக்கு எல்லாம் போயாக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா செத்து முப்பத்தோராம் நாள்; அன்றைக்கு வருகிற சனத்துக்கு நினைவு மலர் கொடுக்க வேண்டும்.

அம்மா அன்னபாக்கியம் நினைவு மலர்களை விரும்பி வாசிப்பவர். செத்தவீட்டுக்குப் போனாரோ இல்லையோ, முப்பத்தோராம் நாள் கொடுக்கிற புத்தகம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நொத்தாரிசுவின் கந்தோரில் காணி உறுதிகள் தட்டெழுதும் சுபோதினி, தெரிந்தவர்களுக்காக இப்படி எத்தனையோ மலர்களைத் தட்டிக் கொடுத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் திதி வெண்பா, பிறகு தேவாரம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். ஒருவருக்கு எழுதியதிலே பெயரையும் ஊரையும் மாற்றி அடுத்தவருக்குப் போடுவதும் நடக்கிறதுதான். அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு ஒருநாள் சொன்னார். "செத்துப்போன பொம்பிளையள் எல்லாரும் ஒரே மனிசிதான் போல கிடக்கு. எல்லாரும் புருசன் சொல் தட்டாத ஆக்கள். என்ரயை நான்தான் சொல்லுவன். நீ இருந்து தட்டு."

இரண்டு வருசம், கந்தோர் விட்டு வந்து தேத்தண்ணி குடித்த கையோடு, அம்மா சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரு சொல் மாற்றக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கந்தோரில் ஒரு பென் டிரைவ் எல்லார் கையிலும் சுற்றும், யாராவது வாசித்துவிடுவார்கள் என்று பயந்து அவள் வேறு எங்கும் பிரதி வைக்கவில்லை. அந்தப் பயத்துக்காகத் தன்னையே அறைய வேண்டும் போல் இருந்தது.

சனிக்கிழமை போனபோது நிம்றா சந்தோசமாகத்தான் இருந்தாள். படங்கள் முக்கால்வாசி வந்துவிட்டன. கோயில் திருவிழா, அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள், பாட்டுகள் இருநூறு, மின்சாரப் பட்டியல்கூட வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு உறைக்குள் வைத்திருந்தாள்.

"எழுத்து வேலை இருந்ததே. கடிதம் மாதிரி."

"அதுதான் மிஸ், கவலயா ஈக்கி. முப்பத்தேழு ஃபைல் வந்த. பேரெல்லாம் போய்ட்ட. தொறந்தா உள்ளுக்கு வெறும் குப்ப. கரப்ட் ஆகிட்ட. நான் அத அழிக்கப் போன, மிஸ் வரட்டும்னு வெச்ச."

நிம்றா திரையைத் திருப்பிக் காட்டினாள். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், இடையிடையே அடைப்புக்குறிகள். எந்த மொழியிலும் பொருள் இல்லாத எழுத்துகள். சுபோதினி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் வரியின் முதல் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இருபத்தாறு வருசம் உறுதி தட்டிய விரல்கள் அவளையும் கேளாமல் மேசையில் அந்த ஐந்து இடத்தையும் தட்டிப் பார்த்தன.

"அம்மா" என்றாள் சுபோதினி.

"மிஸ்?"

"இது குப்பை இல்லை. அம்மா எண்டு கிடக்கு. 'அம்மா செத்த வருசம்தான் நான் பள்ளிக்கூடத்தால நிண்டனான்' எண்டு என்ர அம்மா அம்மம்மாவைச் சொன்னது. இது பாமினி ஃபொன்ட்டில அடிச்சது, பிள்ளை. உம்மட மெசினில அந்த எழுத்து இல்லை, அவ்வளவுதான். கந்தோரில நாங்கள் இண்டைக்கும் அதிலதான் அடிக்கிறம்."

நிம்றா இங்கிலிஷ் மீடியத்தில் படித்தவள். தமிழ் தட்டியதெல்லாம் போனில்தான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அல்லாஹ், நான் அழிக்கப் பாத்தேனே" என்று சொல்லிக்கொண்டே இணையத்தில் அந்த எழுத்துருவைத் தேடி இறக்கினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. குப்பையெல்லாம் அப்படியே தமிழாகித் திரையில் நின்றது. வாசித்ததும் சுபோதினிக்கு அழுகை வரும் என்று நிம்றா நினைத்தாளோ என்னவோ, கடதாசிக் கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"இந்த ஃபைல் ரெண்டு தரம் ஈக்கி மிஸ். ஒண்டு கொஞ்சம் சின்னது. அதுதான் கடசியா சேவ் பண்ணின."

"எப்ப?"

நிம்றா திகதியைச் சொன்னாள். நேரம் பின்னேரம் மூன்று நாற்பது. அது அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல்நாள். அன்றைக்கு அந்த நேரம் சுபோதினி சந்தையில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு நின்றாள். பை அறுந்துபோய், வீட்டில் தனியாக இருந்த அண்ணனுக்குப் போன் எடுத்தாள். அவன் ஓடிவந்து வாழைக்காயைப் பொறுக்கினான்.

அவள் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினோராம் பக்கம்வரை ஒரே மாதிரி. சின்னதில் பன்னிரண்டாம் பக்கம் இல்லை. எது அந்தப் பக்கம் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெரிய பிரதியில் அதை வாசித்தாள்.

'கொட்டாஞ்சேனையில நாங்கள் இருந்த அறைக்கு நடுவில பலகைச் சுவர். இவர் பெல்ட்டைக் கழட்டினால் முதல் கிருபாவைப் பார்த்துத்தான் சொல்லுவார், றேடியோவைக் கூட்டு எண்டு. அங்கால கேட்கக்கூடாதாம். பிள்ளை போய்க் கூட்டுவான். எவ்வளவு கூட்ட வேணும் எண்டு அவனுக்குத் தெரியும். நான் கத்தினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவான்.'

அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு. அவளுக்கு எட்டு. அந்த நேரங்களில் அவள் வெளியே முற்றத்தில் இருப்பாள். றேடியோ சத்தமாகப் பாடும் நாட்களை அவளுக்குப் பிடிக்கும். பாட்டுக்கு ஆடியிருக்கிறாள். அம்மா இதைச் சொல்லி அவள் தட்டிய அன்று, தான் ஆடியதை அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் இதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. ஆக, அவள் கேட்காத கேள்விக்குத்தான் அவன் இந்தப் பக்கத்தை வெட்டியிருக்கிறான். வெட்டியும் ஆறாமல், கணினி தானாகப் பழுதானதும் நல்லதாய்ப் போயிற்று என்று முழுவதையும் துடைக்கக் கொடுத்திருக்கிறான். அம்மாவின் ஆயுளையே ஒரு சரி போட்டு முடித்துவிட்டான்.

அவள் சின்னப் பிரதியை வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டு போனாள். பெரிய பிரதியின் நாற்பத்து நாலாம் பக்கத்தில், றேடியோவைப் பற்றி அம்மா திரும்பவும் சொன்ன இடம் இதிலும் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. அப்படியானால் அவன் அதுவரை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் பன்னிரண்டாம் பக்கத்தில் கை வைத்திருக்க மாட்டான். இந்த மடையனுக்கு முப்பத்திரண்டு பக்கம் பொறுமை இருக்கவில்லை என்று நினைக்க அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அந்த இடத்தை அவ்வளவு பின்னுக்குச் சொல்லிவைத்த அம்மாமேலும்தான் ஏறியது.

"எல்லாத்தையும் அச்செடுத்துத் தாரும், பிள்ளை."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கிருபாகரன் அரைக் காற்சட்டையோடு வரவேற்பறையில் இருந்தான். தொலைக்காட்சியில் கிரிக்கெட். மேசையில் அச்சகத்திலிருந்து வந்திருந்த, அண்ணன் ஒழுங்குபண்ணிய மலரின் மாதிரிப் பக்கங்கள். தன் பெயரில் இருந்த மகள் புலம்பலை அவள் காலையில் வாசித்திருந்தாள். பத்து வருசத்துக்கு முதல் ஹெவ்லொக் டவுனில் ஒரு டீச்சரம்மாவுக்காக அவளே தட்டிக் கொடுத்த புலம்பல் அது. அம்மா அதிலே கணவன் சொல்லைத் தாண்டாத குணவதி.

"பிந்திப்போச்சு, சுபா. அச்சகக்காரன் ரெண்டு தரம் எடுத்திட்டான். ஓம் எண்டு சொல்லட்டோ?"

அவள் தாள் கட்டை மாதிரிப் பக்கங்களுக்கு மேலே வைத்தாள். அவன் பார்த்தான். மேல் பக்கத்தின் முதல் வரியை வாசிக்கிற நேரம்தான் எடுத்தது. கண்ணை எடுத்துக் கிரிக்கெட்டில் வைத்தான்.

"அதைப் போடேலாது. சனம் வாசிக்கும். அப்பான்ர ஆக்கள் வருவினம். அம்மான்ர பேரைத்தான் நாறடிப்பாய்."

"அம்மான்ர பேரோ, உங்கட பேரோ?"

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு."

"தெரியும். அந்தப் பக்கத்தை வெட்டேக்க ஐம்பத்தஞ்சு."

சோபாவின் கையை அவனுடைய விரல்கள் தட்டின. வயதுபோன மனிதனாகத் தெரிந்தான். மொட்டை விழுந்த உச்சியில் பொட்டுப் பொட்டாய் வியர்வை. இரக்கப்படலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த உச்சிக்குள் இருந்துதானே கார்பன் கிழிய ஒரு சரி புறப்பட்டது.

"ஒரு இடம் நீங்கள் வாசிக்கேல்லை. அதை இப்ப கேளுங்கோ. பிறகு நீங்களே அச்சகத்துக்குச் சொல்லுங்கோ."

"எனக்குக் கேட்கத் தேவையில்லை."

"அண்ணா, இது வேற இடம்."

அவள் நாற்பத்து நாலாம் பக்கத்தை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். கந்தோரில் உறுதி வாசித்துக் காட்டுகிற அதே குரலில் தொடங்கினாள். "றேடியோ விசயம் அண்டைக்குச் சொன்னனானெல்லோ."

கிருபாகரனின் கை சோபா இடுக்கில் எதையோ தேடியது. ரிமோட்டை எடுத்தான். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக நீளத் தொடங்கின. சிங்களத்தில் கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் அறைக்குள் விரிந்தது.

அவள் நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. என்ன செய்கிறான் என்று அவனுக்குத் தெரிந்த மாதிரியும் இல்லை. அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் குரலை உயர்த்தினாள்.

"ஒருநாள் பிள்ளை கூட்டமாட்டன் எண்டு நிண்டவன். அண்டைக்கு இவர் அவனுக்கு அடிச்ச அடியில காதால ரத்தம் வந்தது."

பச்சைக் கோடு இன்னும் நீண்டது.

"அடுத்தநாள் நான்தான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னனான். கூட்டு மோனே, அம்மாவுக்கு நோகேல்லை, நீ கூட்டு எண்டு. பிறகு நான் சொல்லித்தான் கூட்டினவன். அவனில பிழை இல்லை. இதை வடிவாய் எழுது, அவன் வாசிக்க வேணும்."

கடைசிச் சொற்களை அவள் கத்தினாள். எதிர் மாடி வீட்டுப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஈரச் சேட்டைக் கையில் பிடித்தபடி திரும்பி இந்தப் பக்கம் பார்த்தாள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்க வேண்டும். கிருபாகரன் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பச்சைக் கோடு கடைசிவரை போய்விட்டது. அதற்கு மேல் கூட்ட இடம் இல்லை. அவனுடைய கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.