முன்னரங்கிலிருந்து மூன்று பேர்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக் கடைத்தெருவில் ராசிக் நானாவின் தேத்தண்ணிக் கடையில் தினமும் காலையில் உக்ரைன் போர் நடக்கும். சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் சிவப்பும் நீலமுமாய் ஒரு வரைபடம் தெரிந்தால் போதும். ஏணிக் கட்சிக்காரர்கள் ஒரு மேசையிலும் கூடைக் கட்சிக்காரர்கள் எதிர் மேசையிலும் இருந்துகொண்டு படைகளை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். ஏணிக் கட்சியின் தலைவர் கொழும்பில் அரசாங்கத்தோடு இருந்தார். அரசாங்கம் ரஷ்யாவோடு நல்லுறவில் இருந்தது. ஆகவே ஏணிக்காரர்களுக்கு ரஷ்யா வெல்ல வேண்டும். ஏணிக்காரர்கள் அப்படி ஆசைப்பட்ட ஒரே காரணத்துக்காக, கூடைக்காரர்களுக்கு ரஷ்யா பின்வாங்கியே தீரவேண்டும்.

அன்று சுதர்ஷினி காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க அங்கே நின்றாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை அவளுக்கு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். போன தேர்தலில் பெண்கள் ஒதுக்கீட்டில் ஏணிக் கட்சி அவளைப் பிரதேச சபைக்கு உறுப்பினராக்கியிருந்தது. கை தூக்கச் சொன்னால் தூக்குவாள், இறக்கச் சொன்னால் இறக்குவாள் என்று கட்சி நம்பியது. அதுவரை அவளும் அப்படித்தான் இருந்தாள்.

"வெளிநாட்டுக்காரனத்தான் முன்னுக்கு விடணும்," என்றார் ஏணி மேசையில் ஒருவர், பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே. "செத்தா அவன் நாட்டுல ஏன்னு கேக்க நாதியிருக்காது. சொந்தப் படை மிஞ்சும். அதுதான்யா யுத்தி."

எதிர் மேசையும் சேர்ந்து சிரித்தது. அந்த ஒரு விசயத்தில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

சுதர்ஷினி பாணை வாங்காமலே தெருவில் இறங்கி நடந்தாள். முன்னுக்கு விடப்பட்ட அந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவன் அவள் தம்பி லோஜன்.

கொட்டகலையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். ரஷ்யாவில் முகாம் ஒன்றில் சமையல் உதவி வேலை என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு தரகன் ஆசை காட்ட, பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த கிஷாந்த், அழகன் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து போய்விட்டான். முதலில் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் படம் ஒன்று அனுப்பினான். பிறகு சத்தமில்லை. வீட்டில் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அவன் மனைவி நிஷாந்திக்கு.

ஒரு நாள் மதியம், பிள்ளைகள் பாயில் வரிசையாய்த் தூங்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. சுதர்ஷினி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, நான் சமையல்ல இல்லக்கா. கையில துவக்கு குடுத்துட்டாங்க."

"எங்கடா இருக்க?"

"பேரு தெரியாது. காடு மாதிரி ஒரு எடம். வானத்துல வண்டு மாதிரி சத்தம் கேட்டா குழிக்குள்ள விழுந்துறணும். கிஷாந்துக்குக் கால்ல பட்டுருச்சு. அழகன வேற பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ஆளக் காணல." அவன் மூச்சு வாங்கினான். "அக்கா, இங்க வேற நாட்டுப் பயலுக கொஞ்சப் பேர பின்னுக்கு எடுத்துட்டாங்க. அவங்க அரசாங்கம் பேர் சொல்லிக் கேட்டுச்சாம். நம்மள யாருமே கேக்கல. பேர் சொல்லிக் கேக்கச் சொல்லுக்கா."

வேறு எதையோ சொல்ல வந்தான். தொடர்பு அறுந்துவிட்டது.

அன்று மாலையே அவள் இராமையாவின் வீட்டுக்குப் போனாள். சபையின் தவிசாளர் அவர்தான், ஏணிக் கட்சிக்கு அந்தப் பகுதியில் பெரியவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே கலங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தலைவர் காதுல போட்டுருக்கேம்மா. அவரு மெதுவா பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. ரஷ்யாக்காரன் நம்ம தேயிலய வாங்குறவன். சபையில போட்டு ஒடைச்சா அவனுக்கும் கோவம் வரும், அரசாங்கத்துக்கும் கோவம் வரும். பொறுமையா இரு."

"எப்ப இருந்துங்க பேசுறாரு?"

இராமையா மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்து வைத்தார். தலைவருக்கு இன்னும் விசயமே போகவில்லை என்பது அவளுக்கு விளங்கியது.

எப்படியோ செய்தி கசிந்தது. அந்த வாரமே கூடைக் கட்சியின் ஜெயகாந்தன் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். நன்றாகப் பேசக்கூடியவர், பேசுவதில் அவருக்கே ஒரு சுகம் உண்டு. லோஜனின் முகத்தைப் பெரிதாய்ப் போட்டு, 'அரசே பதில் சொல்' என்று கீழே எழுதிய சுவரொட்டி மாதிரியை விரித்துக் காட்டினார். சபையில் கொண்டுவரப் போகும் தீர்மானத்தையும் வாசித்தார். இலங்கை அரசைக் கண்டிக்கிறோம், ரஷ்யப் படைகள் உக்ரைனை விட்டு முற்றாக வெளியேற வேண்டும், உலக நாடுகள் தலையிட வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது.

"இதுல என் தம்பி பேரு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள் சுதர்ஷினி.

"பேரெல்லாம் போட்டா விசயம் சின்னதாப் போயிரும் தங்கச்சி. கொள்கையா பேசணும்."

"அரசாங்கத்தக் கண்டிக்கிற அந்த வரிய எடுத்துட்டீங்கன்னா எங்க பக்கத்து ஆளுங்களும் கை தூக்குவாங்க."

ஜெயகாந்தன் சிரித்தார். "அத எடுத்துட்டா அப்புறம் எங்களுக்கு அதுல என்ன இருக்கு?"

அவர் போனபிறகு நிஷாந்தி அடுப்படியில் நின்று அழுதாள். "அண்ணி, ரெண்டு பக்கமும் வேணாம். சபையில பேர் சொல்லி, அது அங்க தெரிஞ்சு, அவர ஏதாச்சும் செஞ்சிட்டாங்கன்னா?"

"பேர் சொல்லாததாலதான் முன்னுக்கு வச்சிருக்காங்க நிஷாந்தி," என்றாள் சுதர்ஷினி. "கேக்க ஆளு இல்லன்னு நெனச்சிட்டாங்க. நான் கேக்கப் போறேன். நீ என்கூட வந்து உக்காந்தாப் போதும்."

சொல்லிவிட்டாளே தவிர, ஜெயகாந்தனின் தீர்மானத்துக்குச் சபையில் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தால் அதை இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஏணிக்காரர்கள் பயப்படுவார்கள், கூடைக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மிஞ்சியது சுயேச்சையாக வென்ற ராசிக் நானா. கடை மூடும் நேரம் பார்த்துப் போனாள்.

"நான் வியாபாரி தங்கச்சி," என்றார் அவர் மேசையைத் துடைத்தபடி. "ரெண்டு கட்சிக்காரனும் என் கடையிலதான் டீ குடிக்கிறான்."

"அன்னைக்கு ஒங்க கடையில ஒருத்தர் சொன்னாரு நானா. வெளிநாட்டுக்காரன முன்னுக்கு விட்டா செத்தாலும் கேக்க நாதியிருக்காதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மிச்சக் காசு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. எங்க லோஜன் அங்கதான் இருக்கான்."

ராசிக் நானாவின் கை நின்றது. அவருடைய மகள் அஃப்னாவுக்குப் பிரசவ வலி வந்தபோது, கொட்டும் மழையில் ஆட்டோவில் ஏற்றிப் போனவன் லோஜன். அதை அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

"என் கடையிலயா சிரிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க கொண்டு வாங்க. வழிமொழிய நான் இருக்கேன்," என்றார்.

மறுநாள் காலையிலிருந்து கடைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடியது.

சபை கூடிய அன்று பார்வையாளர் பெஞ்சில் நிஷாந்தியும் கிஷாந்தின் அப்பா சோலைமலையும் அழகனின் அம்மா சண்முகவடிவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஜெயகாந்தன் தீர்மானத்தை முன்மொழிந்து பேசினார். எந்த ஆற்றைக் கடந்ததில் ரஷ்யா பிழை விட்டது, எந்த நகரத்திலிருந்து எப்போதே பின்வாங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். ஏணிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, இந்த நேரத்தில் பின்வாங்கினால் பேச்சுவார்த்தையில் பிடி போய்விடும் என்று பதில் கொடுத்தார். இன்னொருவர் தேயிலை விலையைப் பற்றிப் பேசினார். மேசையில் தட்டினார்கள், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டார்கள். குப்பை லொறிக்கு டயர் வாங்கக்கூட வழியில்லாத அந்தச் சபையில் இரண்டு வல்லரசுகளின் படைகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பேரின் பெயரை யாரும் சொல்லவில்லை.

சுதர்ஷினி கையை உயர்த்தினாள். இராமையா பார்க்காதது போல இருந்தார். அவள் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சத்தம் தானாக அடங்கியது.

"தவிசாளர் அவர்களே, நான் ஒரு திருத்தம் கொண்டு வாறேன்."

"கட்சி முடிவு ஒங்களுக்குத் தெரியும்தானே?" என்றார் இராமையா.

"தெரியுமுங்க. நீங்க முடிவெடுத்தப்ப என் தம்பி குழிக்குள்ள கெடந்தான். அவன யாரும் கேக்கல." தீர்மானத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இந்தத் தீர்மானத்துல இருக்க எல்லாத்தையும் எடுத்துருங்க. யாரையும் கண்டிக்க வேணாம், யாரையும் புகழ வேணாம். நம்ம பகுதியச் சேர்ந்த லோஜன், கிஷாந்த், அழகன் மூணு பேரையும் முன்னரங்குல இருந்து ஒடனே பின்னுக்கு எடுத்து ஊருக்கு அனுப்பணும். வெளிவிவகார அமைச்சு அவங்க பேரச் சொல்லிக் கேக்கணும். கேக்க வைக்க இந்தச் சபை உறுப்பினருங்க நேரா கொழும்புக்குப் போகணும். இவ்வளவுதான்."

ஏணி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "சண்டையில யாரு ஜெயிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"அங்கயும் பெத்தவங்க அழுவுறாங்கங்க. அந்தச் சண்டைய நிறுத்துற பலம் இந்தச் சபைக்கு இல்ல. மூணு பேரு பேரச் சொல்ற பலம் இருக்கு. அதையாவது செய்வோம்."

"இது எங்க தீர்மானம்!" என்று ஜெயகாந்தன் எழுந்தார். "அத வெட்டிக் குறைக்க—"

"வழிமொழிகிறேன்," என்றார் ராசிக் நானா, இருந்த இடத்திலிருந்தே.

வாக்கெடுப்பு வந்தது. முதலில் இரண்டே கைகள். பிறகு கூடைக் கட்சியின் பெண் உறுப்பினர் நாகலெட்சுமி பார்வையாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தாள். நாகலெட்சுமியின் கை உயர்ந்தது. அவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று, பின்னால் இன்னும் சில. ஏணி வரிசையின் கடைசியில் இருந்த இரண்டு பேரும் குனிந்த தலையோடு தூக்கினார்கள். சுற்றிலும் பார்த்த ஜெயகாந்தன், ஏதோ இதைத் தானே முதலில் யோசித்தவர் போல, எல்லோரையும் விட உயரமாய்க் கையைத் தூக்கினார். திருத்தம் நிறைவேறியதாக இராமையா வறண்ட குரலில் அறிவித்தார்.

இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். "கட்சியில இருந்து ஒன்ன நிறுத்தி வச்சிருக்காங்கம்மா. ஒன் பதவியும் போகலாம். நான் சொல்லிச் செய்யல. ஆனா தடுக்கவும் இல்ல."

"சரிங்க. புதன்கிழமை கொழும்புக்குப் போறோம். நீங்களும் வாங்க."

அவர் வரவில்லை. ஆனால் புதன்கிழமை விடியும்போது சபை வாகனம் எண்ணெய் நிரப்பி வாசலில் நின்றது.

அமைச்சில் இருந்த அதிகாரி முதலில் கேட்டது, "நீங்கள் எந்தக் கட்சி?" ஜெயகாந்தன் தொண்டையைச் செருமினார். சுதர்ஷினி முந்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள், "மூன்று வீட்டிலிருந்து வந்திருக்கிறோம் ஐயா. மற்றவர்கள் எங்களோடு வந்தவர்கள்." அதிகாரி விவரங்களை எடுத்துக்கொண்டு, கேட்டுப் பார்க்கிறோம், போய் வாருங்கள் என்றார். அவர்கள் போகவில்லை. ரஷ்யத் தூதரகத்துக்கு மூன்று பெயரும் போனதைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவோம் என்று அங்கேயே இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த ஜெயகாந்தனை நாகலெட்சுமி ஒரு பார்வையால் உட்கார வைத்தாள். அலுவலகம் மூடுவதற்கு முன் அதிகாரி வெளியே வந்து அவர்களை உள்ளே அழைத்து, அனுப்பிய செய்தியைக் கணினித் திரையிலேயே காட்டினார். மூன்று பெயரையும் சுதர்ஷினி வாய்விட்டுப் படித்தாள்.

அதற்குப் பிறகு பலமுறை போய்வர வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் கிஷாந்த் ஊன்றுகோலோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினான். சோலைமலை மகனைத் தூக்கவே பார்த்தார், ஆனால் முடியவில்லை. லோஜனை முன்னரங்கிலிருந்து எடுத்துத் தொலைவில் ஒரு களஞ்சியத்தில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். "வரிசையில நிக்கிறப்ப எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கக்கா," என்றான் அழைப்பில். "சுடத்தான் போறாங்கன்னு நெனச்சேன்." நிஷாந்தி தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். என்ன பேசினாள் என்று தெரியாது. திட்டினாள், சிரித்தாள், நெடுநேரம் பேசினாள்.

கடைத்தெருவில் இரண்டு சுவரொட்டிகள் முளைத்தன. 'எமது தீர்மானத்தின் வெற்றி' என்றது கூடை. 'தலைவரின் அமைதியான முயற்சிக்குக் கிடைத்த வெற்றி' என்றது ஏணி. சுதர்ஷினி இரண்டையும் தாண்டி வேகமாய் நடந்தாள். அழகனைப் பற்றி வந்த பதிலில், அப்படி ஒருவர் தங்கள் பதிவில் இல்லை என்று இருந்தது.

பஸ் நிலையத்தில் சண்முகவடிவு ஏற்கெனவே வந்து நின்றாள்.

"இல்லன்னு சொல்லிட்டாங்களேம்மா. இனியும் போயி என்ன செய்ய?"

"அழகனக் கூட்டிட்டுப் போனப்ப கிஷாந்து பக்கத்துல நின்னு பாத்திருக்கான். எந்த எடம், என்ன படைப்பிரிவு, எல்லாம் சொன்னான். அவன் சொன்னத அப்படியே அங்க சொல்லப் போறோம். அவங்க இன்னொரு தடவ கேக்கணும்."

"மறுபடியும் இல்லன்னா?"

"மறுபடியும் போவோம்."

அமைச்சு வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டு சிரித்தான். அந்த மூன்று பேரும் கிடைத்துவிட்டார்கள்தானே, இன்னும் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அவன் சிரிப்பை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தான்.