இரண்டாவது குண்டு

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு இமோஜின் முதல்முறை கத்தியபோது லுவானின் கையில் துப்பாக்கி இன்னும் சூடாகத்தான் இருந்தது. பின்கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடும் சத்தம் அப்போதுதான் அடங்கியிருந்தது. அவன் ஓடியதும் கூப்பிட்ட தொலைபேசியில் அவசர உதவிப் பெண், "லைன்லயே இருங்க மேடம், உங்களுக்கு அடி ஏதும் படலையே?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகல. ஓடிட்டான்" என்றாள் லுவான். தன் குரல் அவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அப்போது இமோஜின் மறுபடியும் கத்தினாள். "லுவான்! சீக்கிரம் வா! ஹார்லனுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

ஹார்லனுக்கு எழுபத்தாறு வயது. இதயத்தில் இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆனவர். வெடிச்சத்தம் கேட்டு நெஞ்சு அடைத்துக்கொண்டது என்றுதான் லுவான் நினைத்தாள். துப்பாக்கியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, செருப்பில்லாமல் புல்வெளியைச் சுற்றி ஓடினாள். அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடியே இருந்தார். நாற்காலிகூட நகரவில்லை. முன்னால் பாதி வெட்டிய முலாம்பழம், வானொலியில் நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி யாரோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இமோஜின் கணவரின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "மயக்கம் போட்டுட்டாரு. சட்டையில பாரு, என்னத்தையோ கொட்டிக்கிட்டாரு" என்றாள். லுவான் துணியை எடுத்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். சூடாக நனைந்தது. தலையைத் தூக்கினாள். நாட்காட்டிக்குப் பக்கத்தில், சுவரில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு நேர்கீழே தரையில், ரொட்டிக்கு மாவு சலித்தபோது சிந்தினாற்போல வெள்ளைத் தூள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அவர் இறந்தது எப்போது என்பது அந்தக் கைக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அது ஒரே கூரையின் கீழ் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீடு. கண்ணாடியில் பார்ப்பதுபோல, லுவான் வீட்டில் வலது பக்கம் இருப்பதெல்லாம் அவர்கள் வீட்டில் இடது பக்கம் இருக்கும். இந்தச் சமையலறையும் அந்தச் சமையலறையும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. நடுவில் இருந்தது செங்கல் இல்லை, மரச்சட்டத்தில் அடித்த இரண்டு ஜிப்சம் பலகைகள். பதினேழு வருஷமாக ஹார்லன் தும்மினால் லுவான் இங்கிருந்து வாழ்த்துச் சொல்வாள். அவள் மிக்சியைப் போட்டால் அவர் அங்கிருந்து, "ஏம்மா, உன் சத்தத்துல எங்க ஆளு அவுட்டாயிட்டான்! போன வாரமும் நீதான் தோக்கடிச்சே!" என்று கத்துவார். விவாகரத்துக்குப் பிறகு தனியாக இருந்தவளுக்கு அந்தச் சுவர் ஒரு துணை.

துப்பாக்கி அவளாக வாங்கியதில்லை. அதே சாலையில் மூன்று வீடுகளில் திருட்டுப் போனதும், தம்பி வேட் வாங்கிவந்து மேசைமேல் வைத்தான். "பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்களுக்கு மக்ரோனி அள்ளிப் போடுற கை. இது என்ன பெரிய கனமா?" என்றான். ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்புக்குப் போனாள். சொல்லிக்கொடுத்தவள் முன்னாள் போலீஸ்காரி, கறாரானவள். வீட்டுக்குள் அத்துமீறி வந்து உன்னைத் தாக்க வருபவனைச் சுட இந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது, போகத் திரும்பியவனைச் சுட இடம் கொடுப்பதில்லை என்று பலகையில் எழுதிப்போட்டாள். "துப்பாக்கியிலேருந்து போற ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியா நீங்கதான் பதில் சொல்லணும். குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியலைன்னா விசையைத் தொடாதீங்க" என்றாள். லுவானுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அங்கே குறிக்குப் பின்னால் பெரிய மண்மேடு இருந்தது. வேறு எதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆகஸ்ட் காலையில் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால் வாசல் காலியாக இருந்தது. வீட்டில் ஆளில்லை என்று நினைத்துத்தான் டஸ்டின் ரேபர் பின்கதவைக் கடப்பாரையால் நெம்பினான். இருபத்திரண்டு வயது, மாத்திரைப் பழக்கம், ஏற்கெனவே இரண்டு வழக்குகள். அன்று மாலையே ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் பிடித்துவிட்டார்கள். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ்காரர் லுவானிடம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். "எத்தனை தடவை சுட்டீங்க?" "ரெண்டு." "அடுத்தடுத்து?" "ஆமா." எழுதிக்கொண்டார். அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அரசு வழக்கறிஞர் கூப்பிட்டனுப்பினாள். கெஸ்லர் என்று பெயர், லுவானைவிட இருபது வயது சிறியவள். தன்மேல் என்ன வழக்கு என்று கேட்கத்தான் லுவான் போனாள். இருப்பதிலேயே நல்ல உடுப்பாக, தன் அம்மாவைப் புதைத்தபோது போட்டதைப் போட்டுக்கொண்டு போனாள். கெஸ்லர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல எந்த வழக்கும் இல்ல. நீங்க பாதிக்கப்பட்டவங்க. திருட வீட்டுக்குள்ள புகுந்து, அதனால ஒரு உயிர் போச்சுன்னா, யார் துப்பாக்கிங்கறது கேள்வியே இல்ல. கொலைக் குத்தம் புகுந்தவன் மேலதான். குறைஞ்சது நாற்பத்தஞ்சு வருஷம் உள்ள இருப்பான்."

"குண்டு என்னோடது" என்றாள் லுவான்.

"சட்டத்துக்கு அது அவனோடது."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பெரிய பாரத்தை யாரோ தோளிலிருந்து இறக்கினாற்போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். பாரம் இறங்கத்தான் செய்தது. அது எங்கே போய் இறங்கியது என்பதையும் அவள் பார்த்துவிட்டாள்.

ஏனென்றால் அந்த இரண்டு குண்டுகளும் அடுத்தடுத்து வந்தவைதான், ஆனால் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அதில் என்ன நடந்தது என்பது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். முதல் குண்டு சுட்டபோது அவன் கடப்பாரையோடு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். குண்டு ஃபிரிட்ஜில் பாய்ந்தது. அவன் கடப்பாரையைக் கீழே போட்டான். இரண்டு கைகளையும் தூக்கினான். "போறேன், போறேன், சுடாதீங்க" என்றான். திரும்பிக் கதவுக்கு ஓடினான். ஒரு கீல் பெயர்ந்திருந்ததால் கதவு சாய்ந்து சிக்கிக்கொண்டிருந்தது. அவன் அதை இழுத்துக்கொண்டிருந்தான், முதுகு அவள் பக்கம். பச்சைச் சட்டை, கழுத்தில் வேர்க்குரு. அந்த மூலைக்கு அடுத்த சுவர்தான் ஹார்லன் வீட்டுச் சுவர். அப்போதுதான் இரண்டாவது முறை சுட்டாள். பயத்தில் என்று சொல்லலாம். பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது, என் வீட்டுக்குள்ளேயா வந்தே என்று ஒரு கோபம். விரலை மடக்கியது எது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீடு அவனுடைய குரலை வைத்துக்கொண்டது. குழாயைத் திறந்தால், தண்ணீர் விழும் முன் குழாய்க்குள் காற்று முனகும், அதில் 'போறேன்' என்று கேட்டது. புதுக்கதவு போட்டாகிவிட்டது, அதைத் திறக்கும்போதும் கேட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுகள் மோதும் இரைச்சலுக்குள் கேட்டபோது கரண்டியைப் போட்டுவிட்டுக் குளிர்பதன அறைக்குள் போய் நின்றாள். ஹார்லன் ஒருமுறைகூட வரவில்லை. அவர் வந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஓட்டையைப் பூசி, இரு பக்கமும் ஒரே மஞ்சள் வண்ணம் அடித்தாயிற்று. அந்தப் பக்கம் இமோஜின் நாற்காலியை இழுப்பதும், ஒருவருக்கு மட்டும் முட்டை பொரிப்பதும் கேட்கும். லுவான் மிக்சியைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

இமோஜின் அவளை வெறுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஞாயிறுதோறும் எதையாவது சுட்டு, மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ இப்படி எலும்பும் தோலுமா ஆனா ஹார்லன் என்னைத்தான் திட்டுவாரு. நீ செய்யலடி. அந்தப் பாவி செஞ்சான். கோர்ட்டே சொல்லுது, அப்புறம் உனக்கென்ன?" என்பாள். லுவான் அவள் எதிரிலேயே தின்று முடிப்பாள்.

விசாரணை பிப்ரவரியில் வந்தது. சாட்சி சொல்வதற்கு முன்னால் கெஸ்லர் ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தாள். "அவன் ஏதாவது பேசினானா?" என்றபோது லுவான் வாயைத் திறந்தாள். கெஸ்லர் பேனாவை மேசைமேல் வைத்தாள். "அந்த மாதிரி நேரத்துல காது வேலை செய்யாது. சரியா ஞாபகம் இல்லைன்னா, ஞாபகம் இல்லைன்னே சொல்லிடுங்க. தப்பே இல்ல" என்றாள். வேடிடம் மட்டும் லுவான் விஷயத்தைச் சொன்னாள். அவன் லாரியின் எஞ்சினை அணைத்தான். "லூ, இதை என்கிட்ட நீ சொல்லவே இல்ல. புரியுதா? அவன் எப்படியும் ஜெயிலுக்குப் போற ஜென்மம். நீ போய்க் கெழவனைத் திருப்பிக் கொண்டுவரப் போறியா?"

மூன்றாம் நாள் லுவானின் முறை. அன்று இமோஜின் அவளோடு காரில் வந்தாள். இரவெல்லாம் பனி பெய்திருந்தது, வயல்கள் வெளேரென்று கிடந்தன. மடியில் கைப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி இமோஜின் பேசிக்கொண்டே வந்தாள். "அவனோட அம்மா ரெண்டு நாளா எனக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கா. ஓயாத இருமல். எரிச்சலா வந்துது. நேத்து தாங்காம திரும்பி ஒரு இருமல் மிட்டாய் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. ஏன் குடுத்தேன்னு எனக்கே தெரியல." கொஞ்ச தூரம் போனதும், "சீக்கிரம் முடிஞ்சாப் போதும் லுவான். யார் பண்ணாங்கன்னு ஒரு தாள்ல எழுதி முத்திரை குத்திட்டா, நான் தூங்கிடுவேன்" என்றாள்.

டஸ்டினுக்கு யாருடைய சட்டையையோ போட்டுவிட்டிருந்தார்கள், கழுத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கெஸ்லரின் கேள்விகளுக்கு லுவான் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு அவனுடைய வக்கீல் எழுந்தார். களைத்த மனிதர், அரசாங்கம் நியமித்தவர். தன் கட்சிக்காரன் சொன்னதைத் தானே நம்பாதவர்போல, கடமைக்குக் கேட்டார்.

"ரெண்டாவது தடவை நீங்க சுட்டபோது அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தார்?"

கெஸ்லர் தலையை மிக மெதுவாக ஒருமுறை அசைத்தாள். ஞாபகம் இல்லை என்று இரண்டு வார்த்தை. லுவான் முன்னால் இருந்த மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதில் யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.

"கதவைப் பார்த்து" என்றாள்.

வக்கீல் தாளிலிருந்து நிமிர்ந்தார். "ஏதாவது சொன்னாரா?"

"போறேன்னு சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். கடப்பாரையைக் கீழ போட்டுட்டான். கதவு சிக்கிக்கிச்சு, அதான் நின்னான். நான் முதுகைப் பார்த்துத்தான் சுட்டேன்."

கெஸ்லர் எழுந்து ஏதோ ஆட்சேபித்தாள். நீதிபதி கையை உயர்த்தி ஜூரிகளை வெளியே போகச் சொல்லிவிட்டு லுவான் பக்கம் திரும்பினார். "மிஸ் ஹாஸ்கின்ஸ், இதுக்கு மேல ஒரு வார்த்தையும் பேசாதீங்க. வக்கீலை வெச்சுக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றார், கடுமையாக இல்லை. டஸ்டின் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தான், பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அவன் அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்வரிசையில் இமோஜினின் நீலக் கோட்டு பெஞ்சின்மேல் கிடந்தது. இமோஜின் இல்லை. அறைக் கதவு ஆடி ஆடி நின்றுகொண்டிருந்தது.

லுவான் கோட்டை எடுத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் வேட் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா?" என்றான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நடந்தாள். அவ்வளவு நேரமும் உள்ளே எங்கும் அந்தக் குரல் கேட்கவில்லை என்பது படிக்கட்டில்தான் நினைவுக்கு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பனி விழும்போது ஊருக்கு வருகிற அமைதி மட்டும்தான் இருந்தது. அது நல்லதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாகனம் நிறுத்தும் இடத்தின் கோடியில், கோட்டில்லாமல், லுவானின் காருக்குப் பக்கத்தில் இமோஜின் நின்றுகொண்டிருந்தாள். கார் பூட்டியிருந்தது. சாவி லுவானின் பைக்குள். ஊருக்குப் பேருந்து மாலைதான். கோட்டை நெஞ்சோடு அணைத்தபடி லுவான் பனியில் இறங்கி நடந்தாள், ஷூவுக்கடியில் பனி நொறுங்கும் சத்தம் அத்தனை தூரத்துக்கும் கேட்டது. இமோஜின் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலையிலும் தோளிலும் வெள்ளையாய்ப் படிந்துகொண்டே இருந்தது. கையுறையில்லாத ஒரு கை மட்டும், திறக்காத கதவின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தது.