தூக்கம் வராத சகோதரர்

போதகருக்கு இரண்டு மாதமாகத் தூக்கமே இல்லை. சபையில் யாருக்குத் தூக்கம் வராவிட்டாலும் அவர்தான் போய் ஜெபித்துவிட்டு வருவார். அவருடைய பிரசங்கத்திலேயே தூங்கிவிடுகிறவர்கள் கணக்கு தனி. தனக்கென்று வந்தபோதுதான் ஒன்றும் பலிக்கவில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்தில், அசதியில் நல்லடக்க ஆராதனைப் பக்கத்தைத் திறந்து கணீரென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

அன்றைக்கே மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "செவ்வாய்க்கிழமை நாலு போதகர்கள் கூடுறீங்களே, ஒருத்தரை ஒருத்தர் தாங்குறோம்னு? அங்க வாயத் திறந்து சொல்லுங்க. சொல்லாம வந்தா நானே சபையில எழுந்து நின்னு சொல்லிடுவேன்."

செய்தாலும் செய்வாள். செவ்வாய்க்கிழமை மற்ற மூவருக்கும் நடுவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரர். தூக்கம் இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறார்."

ஊருக்கெல்லாம் மனம்விட்டுப் பேசச் சொல்கிற வாயில் 'நான்' மட்டும் வரவில்லை, பாவம்.

மூவருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. கண்ணாடிக்காரர் கையோடு மூன்று குறிப்பு கொடுத்தார். "விசுவாசம், விழிப்பு, விடுதலை."

"தூக்கம் வராதவருக்கு விழிப்பாய்யா?" என்றார் குண்டுப் போதகர். "நேர்ல போய்ப் பார்ப்போம். விலாசம் சொல்லுங்க."

மூன்றாமவர் டைரியும் பேனாவுமாகக் காத்திருந்தார். போதகர் மெல்லச் சொன்னார்.

"எங்க வீட்டு விலாசம்தான்."

"அடடே, உங்க வீட்டுலயா தங்கியிருக்கார்? எத்தன நாளா?"

"பதினாறு வருஷமா." அவர் குரல் உடைந்தது. "நான்தான்யா அது. என்னால முடியல. மேடையில ஏறவே பயமா இருக்கு."

டைரி மூடிக்கொண்டது.

"எங்ககிட்ட சொல்ல இவ்வளவு நாளா?" என்று கோபப்பட்ட குண்டுப் போதகருக்கே கண் கலங்கியது. போதகரின் தோளில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார். பாதி ஜெபத்தில் ஏதோ உறுமல் கேட்க, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். போதகர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இனி எப்படி முடிப்பது? எவ்வளவு அசந்து தூங்கினாலும் 'ஆமென்' என்ற சத்தம் கேட்டால் போதகன் எழுந்து நின்றுவிடுவான். அது தொழில் பழக்கம். குண்டுப் போதகர் கண்ணாடிக்காரருக்குச் சைகை காட்டினார். அவர் குரலைத் தாழ்த்தி, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

மூவரும் முறைவைத்து மாலைவரை ஜெபித்தார்கள். ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை.