மாசாணியம்மாள் நாடி பார்த்த விதம்

"ஓடுது! எங்கூட்டுக்காரருக்கு நாடி ஓடுதுங்க!" என்று மாசாணியம்மாள் கத்தியதும், பாடையைத் தூக்கக் குனிந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மேளமும் நின்றது.

மருதாசலத்தின் வலது மணிக்கட்டில் அவளுடைய பெருவிரல் அழுந்தியிருந்தது. விடியும்போதே டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொன்னதுதான். அதன் பிறகு மதியம் வரை ஐஸ் பெட்டியில் கிடந்த உடம்பு.

"விடும்மா," என்று மகன் பிரவின்குமார் அவள் தோளைப் பிடித்தான்.

"நா பொய்யா சொல்றேன்? அன்பு, நீ வந்து பாரு கண்ணு."

அன்புச்செல்வி அப்பாவின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தாள். சில்லென்றிருந்தது. ஒன்றுமில்லை. அவள் தலையை ஆட்டியதும் பெண்கள் அம்மாவை அணைத்து அப்பால் கூட்டிப்போனார்கள். துக்கத்தில் என்னென்னவோ தோன்றும் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அத்தோடு விட்டுவிட வேறு மகளாக இருந்திருக்க வேண்டும். அன்புச்செல்விக்குச் சிறு வயதிலிருந்தே எதையும் கிளறிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. துடியலூரிலிருந்து கிணத்துக்கடவுக்குப் பஸ்ஸில் வரும்போதுகூட அழுகைக்கு முந்திக்கொண்டு கேள்விதான் வந்தது. ராத்திரி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த மனுஷன் எப்படிப் போனார்? இப்போது இன்னொன்று சேர்ந்துகொண்டது. அம்மா பொய் சொல்லுகிறவள் இல்லை. அவள் விரலுக்கு என்னதான் தெரிந்தது?

எல்லோரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அன்புச்செல்வி தன் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டு, அம்மா வைத்த மாதிரியே பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

துடித்தது.

ஒரு கணம் அவளுக்கே உடம்பு தூக்கிப்போட்டது. அப்புறம் புரிந்தது. பெருவிரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது. துடித்தது அப்பா இல்லை, அவளேதான்.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அன்புச்செல்வி சுவரோரமாக உட்கார்ந்து, நிறுத்த முடியாமல் யோசித்தாள். அப்பாவுக்கு இதயம் படபடவென்று அடிக்கிறதென்று, அதை மெதுவாக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும், ஐம்பதுக்குக் கீழே போனால் கொடுக்காமல் உடனே போன் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். நர்ஸ் இரண்டு விரலை வைத்துத்தான் காட்டிக் கொடுத்தாள். ஆனால் காலமெல்லாம் தேங்காய் நாரில் கயிறு திரித்து, அம்மாவின் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. சூடே உறைக்காத விரலுக்கு நாடி எங்கே தெரியப் போகிறது? பெருவிரலுக்குத் தெரிந்திருக்கிறது.

"அதெல்லாம் எழுவத்தஞ்சு, எழுவத்தாறு, சரியா ஓடுது கண்ணு," என்று போனில் சொல்லும்போது அம்மாவின் குரலில் எவ்வளவு பெருமை! போன மாதம் அப்பா, எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது, உட்கார்ந்த இடத்திலேயே அசந்துவிடுகிறேன் என்றார். நாடிதான் சரியாக இருக்கிறதே என்று அம்மா மாத்திரையைக் கொடுத்தாள். தோப்பில் தேங்காய் வெட்டு முடியட்டும் என்று அப்பாவும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார். அவருடைய நாடி என்ன கணக்கில் ஓடியது என்று இனி யாரைக் கேட்பது? அதனால்தான் போனாரா, வேறு எதனாலாவதா? அவளுடைய கேள்விகளிலேயே பதில் கிடைக்காத கேள்வி இதுதான். ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது: அம்மாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் தாங்கமாட்டாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்தபோது சித்தப்பா அப்புசாமி ஆரம்பித்தார். அவருக்கும் போன மாதம்தான் அதே ஆஸ்பத்திரியில் அதே மாதிரி மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"அண்ணனுக்கே இப்படி ஆயிப்போச்சு. நா நாளையிலிருந்து மாத்திரைய நிறுத்திப்போடறேன்."

"அய்யோ, நீங்களா நிறுத்தாதீங்க சித்தப்பா!" என்றாள் அன்புச்செல்வி. "திடுதிப்புனு நிறுத்துனா அதுவே ஆபத்துங்க. கண்ணக் கட்டுச்சுன்னா நாடி எவ்வளவு இருந்தாலுஞ் சரி, அன்னைக்கே டாக்டரப் போயிப் பாருங்க."

"நாடியெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாதுங்கக்கா," என்று சித்தப்பாவின் மனைவி பங்காரம்மா மாசாணியம்மாளின் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் ஒரு நாளு தப்பாமப் பாத்தீங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க."

காலையிலிருந்து சுருண்டு கிடந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்புசாமியின் கையை இழுத்து மடியில் வைத்தாள்.

"இங்க பாரு பங்காரு. இப்படிப் பெருவெரல வெச்சு அழுத்தோணும்."

பேசாமல் இருந்தால் சித்தப்பா. பேசினால் அம்மா. அன்புச்செல்வி குனிந்து, அம்மாவின் பெருவிரலை மெல்ல எடுத்துவிட்டு, பங்காரம்மாவின் இரண்டு விரல்களைப் பிடித்துச் சித்தப்பாவின் மணிக்கட்டில் வைத்தாள்.

"ரெண்டு வெரல வெச்சுப் பாருங்க சின்னம்மா. பெருவெரலு வேண்டாம்."

"அட, ஓடுதே!" என்றாள் பங்காரம்மா.

"ஏங் கண்ணு, பெருவெரலு ஆவாதா?" என்றாள் அம்மா.

"ரெண்டு வெரல்னா இன்னுந் தெளிவாத் தெரியும்மா. அவ்வளவுதான்."

அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி பாத்திரம் கழுவப் போகிற சாக்கில் எழுந்துவிட்டாள். இந்தக் கிளறிப் பார்க்கும் புத்தி தனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பந்தல்காரர் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றினார். ஒன்று குறைந்தது. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் பிளாஸ்டிக் கையில் பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, பார்வையைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"ஏனுங்கம்மா, அந்தச் சேருங்க," என்றார் பந்தல்காரர்.

"இருங்க சாமி," என்றாள் மாசாணியம்மாள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு நிமிசம் ஆவுல."