பிடி இறுகியபோது உதிர்ந்த எலெக்ட்ரான்

1959 ஆடி மாதத்தில் பாகூர் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்து ப்ரெவே என்ற பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள், இன்ஸ்பெக்டர் முன்னால் தமிழில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெஞ்சில் மாணவர்களாக உட்கார்ந்திருந்ததும் தேர்வுக்கு வந்த மற்ற ஆசிரியர்களே.

பதினாறு வருடம் வேலை பார்த்த தெய்வநாயகம் பீட்டா சிதைவை எடுத்துக்கொண்டார். புத்தகத்தில் அது நாலு வரிதான். அவருக்கு நாலு வரி போதாது. ஒரு வேட்டியை விரித்து, நாலு பேரை முனைகளைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு எடைக்கல்லை வைத்ததும் துணி குழிந்தது. குழியைச் சுற்றிக் கோலிகளை உருட்டிவிட்டார்.

"கல்லு அணுக்கரு, கோலி எலெக்ட்ரான். இது கிரிப்டான்னு வச்சிக்குவோம். கருவுல ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறுது. அப்ப கருவுலேர்ந்தே புதுசா ஒரு எலெக்ட்ரான் பொறந்து வெளிய ஓடுது. அதான் பீட்டா. இப்ப இது ருபீடியம். புரோட்டான் ஒண்ணு கூடினதுல கருவோட இழுப்பும் கூடிப்போச்சு. சுத்தறதுங்க இன்னா பண்ணும்?"

"கிட்ட வரும்," என்றார் சம்மந்தம் வாத்தியார்.

"வரும்பா. நிதானமா கூடினா." இன்னொரு கல்லை மெதுவாக வைத்தார். கோலிகள் உள்ளே சரிந்தன, ஒன்றும் விழவில்லை. அதை எடுத்துவிட்டு, கோலிகளை மறுபடி உருட்டி, இம்முறை மேலிருந்து கல்லைப் போட்டார். துணி உதறியது. ஒரு கோலி விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது.

"பீட்டா கண்ணிமைக்கறதுக்குள்ள போயிடுது. பழைய அணுவுக்கு ஏத்தாப்புல சுத்திக்கினு இருந்ததுங்க திடீர்னு புது அணுவுக்குள்ள நிக்குதுங்க. அந்த உலுக்கல்ல, அஞ்சு அணுவுக்கு ஒண்ணு மாதிரி, சுத்தறதுலயும் எலெக்ட்ரான் உதிருது. அளந்தே பாத்திருக்காங்க."

இன்ஸ்பெக்டரின் பென்சில் நின்றது. "இழுப்பு அதிகமானா எலெக்ட்ரான் எப்படி சார் ஓடும்? புத்தகத்துல இருக்கா?"

"பிரெஞ்சு பத்திரிகையில படிச்சேன்..."

"ஓ, பிரெஞ்சுல!" பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்வரிசையிலிருந்த ராஜாமணி டீச்சரைப் பார்த்தார். "நீங்க ஒத்துக்கிறீங்களாம்மா?"

ராஜாமணி எழுந்து நின்றார். "கண்ணு முன்னாடியே காட்டினாரே சார். ஒத்துக்கறேன்."

பென்சில் மறுபடி தாளில் இறங்குவதை தெய்வநாயகம் பார்த்தார். வீட்டில் ஏழு பேர். தான் நினைக்காமலே தன் வாய் பேசுவதைக் கேட்டார்.

"உக்காருங்க டீச்சர். நான் சொன்னது தப்பு. கோலி கை தவறி வுழுந்துடுச்சி."

ராஜாமணி உட்காரச் சற்று நேரமானது.

இருபது நாள் கழித்து முடிவு வந்தது. ராஜாமணி தேறியிருந்தார். தெய்வநாயகத்தின் பெயருக்கு நேரே இருந்ததைத் தலைமையாசிரியர் சுப்பராயலு வராந்தாவில் நின்று வாசித்தார்: "தாம் நடத்திய பாடத்தைத் தாமே வகுப்பில் மறுத்தார். பாட அறிவில் உறுதியில்லாதவர். நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்க இயலாது."

"மாத்திச் சொன்னா பொழைச்சிக்கலாம்னு பாத்தியாப்பா?" என்றார் சுப்பராயலு.

வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ராஜாமணி தெய்வநாயகத்தின் எதிரே நின்றார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க சார். அன்னிக்கி நடத்தினது சரியா, தப்பா?"

"சரிதாம்மா."

"அத்தினி பேர் முன்னால என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீங்களே," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சுப்பராயலு அறிவியல் அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.