நத்தைக்குக் குரல் கொடுத்த கதை

இருபது வருஷமாகக் கோடம்பாக்கத்தில் நான் கூட்டம். படத்தில் கல்யாணமோ கலவரமோ இழவோ, டப்பிங்கில் சேர்ந்து கத்துகிற பத்துப் பேரில் ஒருத்தி. சந்திரிகா என்ற பெயர் எந்த டைட்டிலிலும் வந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

போன மாதம் ஹரி என்ற இயக்குநர் ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் கதை சொல்லக் கூப்பிட்டார். முழுக்க என் குரல்தான். டைட்டிலில் பெயரும் உண்டாம். கதாநாயகி யாரென்று கேட்டேன். குளிர்ந்த கடலில் வாழும் ஒரு நத்தை!

நத்தை மூக்குக்குழலைத் தூக்கிக்கொண்டு செத்த மீன் நாற்றத்தைத் தேடிப் போகிறது. அதைப் பிடித்து வேகவைத்து, வினிகர் ஊற்றித் தின்கிறார்கள் அந்தக் கடலோர ஊர்க்காரர்கள். இதெல்லாம் எனக்குக் கஷ்டமில்லை, மைக்தான் கஷ்டம். கூட்டத்தில் ஒருத்தி குரல் தனியாகக் கேட்டால் திட்டு விழும், தள்ளித்தான் நிற்போம். பழக்கதோஷம், வரிக்கு வரி கால் தானாகப் பின்னால் போனது.

"இன்னாம்மா, பின்னாலயே போய்க்கினு கீற? அப்டியே ரோட்டுக்குப் போய்டுவ போல," என்றார் சவுண்ட் என்ஜினியர் ராஜரத்தினம்.

ஆறு டேக் வீணானது. வேறு குரலைக் கூப்பிட ஹரி போனை எடுத்தார்.

"இன்னும் ஒரே ஒரு சீன் சார்," என்று கெஞ்சினேன்.

முட்டை சீன் ஓடியது. தாய் நத்தை பாறையில் முட்டைப் பைகளை உருண்டையாக ஒட்டிவைக்கிறது. ஒரு பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள். வளர்வதென்னவோ பத்துக் குஞ்சுதான். அவை மிச்ச முட்டைகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, முதுகில் குட்டி ஓட்டோடு ஜம்மென்று ஊர்ந்து வெளியே வருகின்றன.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேனாம்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு தோசைக்கல், ஆறு பிள்ளைகள், கடைக்குட்டி நான். என் பங்கைத் தின்றே நாலு அண்ணன்களும் அக்காவும் வளர்ந்தார்கள்.

"அடப்பாவிங்களா, எங்க வூடு மாரியே கீதே!" என்றேன். என்னையறியாமல் முன்னால் போய் மைக்கை ஒட்டி நின்றிருந்தேன். அதே சிரிப்போடு மிச்ச வரிகளையும் சொல்லி முடித்தேன்.

ஹரி போனை உள்ளே வைத்தார். "இதான்மா வேணும். மொதல்லேர்ந்து இப்டியே போலாம்."

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா புஷ்பத்தின் வீட்டு டிவியில் எல்லோரும் பார்த்தோம். 'குரல்: சந்திரிகா' என்று வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முட்டை சீனில் 'எங்க வூடு மாரியே கீதே' என்று என் குரல் அப்படியே வந்ததும் அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்த் தட்டோடு வந்தாள்.

"இந்தாடி, மொத தோசை உனுக்குத்தான்."

கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோன தோசை. யாருக்கும் ஒரு வாய் தராமல் முழுசாகத் தின்றேன்.