பெல்ட்டுக்கு வைத்த பொட்டு

பிரவீனாவுக்கு வாய்தான் திறக்காதே தவிர, கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஆயுத பூஜைக்காக ஓசூர் பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தபோது, பொட்டு வைக்கிற வேலை எனக்கு என்று அவள் கேட்கவில்லை. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு போய் வைக்கவே ஆரம்பித்துவிட்டாள். தையல் மெஷின், தராசு, ஸ்பேனர், திருப்புளி, கம்ப்யூட்டர் என்று ஒன்றையும் விடவில்லை. வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கும் ஒன்று வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணாதுரை சார், “எம் மண்டையில வச்சிடாத தாயி” என்று வழுக்கையைக் கையால் மூடிக்கொண்டார். அன்றைக்குப் பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு எல்லாரும் சந்தோஷமாக ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

அந்த மையம் பெரிய கல்லூரி ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பில் தவறியதுகள், பாதியில் நின்றதுகள், பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறதுகள் எல்லாம் வந்து சேருகிற இடம். காலையில் சுஜாதா மேடம் வாசிக்கவும் கணக்குப் போடவும் நாலு பேர் முன்னால் பேசவும் சொல்லித் தருவார். மத்தியானம் அண்ணாதுரை சாரிடம் மெஷின் பாடம். மூன்று மாதம் முடிந்ததும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து சோதிப்பார். தேறினவர்களைப் பேக்கிங் பிரிவில் பழகுநர்களாக எடுத்துக்கொள்வார்கள், தங்க ஹாஸ்டலும் உண்டு. அந்தச் சோதனை பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் இருந்தது.

மத்தூர்ப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருக்கிற குருமூர்த்தி, மகள் பிரவீனாவைக் கொண்டுவந்து விட அன்றைக்குத் தானும் கூடவே பஸ் ஏறினார். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், சூளகிரி தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

“ரெண்டு வாட்டி பத்தாவது ரிசல்ட் வந்தப்பவும் நீ சோறு தின்னாம கெடந்தத பாத்தவன் நானு. மூணாவது வாட்டி என்னால ஆவாது கண்ணு. பெயிலுன்னு சொன்னாங்கன்னா அங்கியே நின்னு அழுவாத. என்னோட கெளம்பி வந்துரு. தோட்டம் இருக்குது, நமக்கு இன்னா கொற?”

அவர் அதட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். இப்படிப் பாசத்தோடு கூப்பிடுகிற மனிதரிடம் என்னத்தைச் சண்டை போடுவது! பிரவீனா தலையை மட்டும் ஆட்டினாள். ஆனால் அவளுக்குப் போக இஷ்டமில்லை. துளிக்கூட இஷ்டமில்லை. ‘இவளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது’ என்று பத்து வருஷம் கேட்ட காதில், ‘பரவாயில்லையே, இவ கட்டினா பெட்டிக்குள்ள ஒண்ணும் அசையல’ என்று முதல் முதலாக விழுந்தது இந்த மையத்தில்தான். அந்தச் சொல்லை விட்டுவிட்டு யார் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார்கள்?

அவளுக்கு ஒரே ஒரு கண்டம் இருந்தது. அதுதான் சுட்டிச் சொல்வது.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றில் அது ஒரு பழக்கம். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்தையும் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெட்டிகள் ஓடுகிற பெல்ட்டுக்கு நாலு சொல். “பாதை காலி!” “கை வெளியே!” “கண் திறந்திருக்கு!” “ஓட்டலாம்!” கண் என்பது பெல்ட்டின் கடைசியில் இருக்கிற உருண்டைக் கண்ணாடி. முன்னால் பெட்டி வந்து நின்றால் அது பார்த்துவிட்டுப் பெல்ட்டை நிறுத்தும், பெட்டி கீழே விழாது. “வாயால சொல்லலன்னா நீ பாக்கவே இல்லன்னு அர்த்தம்” என்பார் அண்ணாதுரை சார். கூடப் படிக்கிற பிரேம்குமார் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பிரவீனா சொன்னால் பக்கத்தில் நிற்கிறவளே “என்னடி?” என்று கேட்பாள். சுஜாதா மேடம் அவளைத் தினமும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காலி இடத்தைப் பார்த்துக் கத்தச் சொல்வார். காலி இடத்தில் நன்றாகத்தான் கத்தினாள். ஆள் வந்தால் பழையபடி முணுமுணுப்புதான்.

சோதிக்க வந்தவர் பெயர் கிருஷ்ணப்பன். அத்திப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் அவர் வாயில் கலந்தே வரும். மெஷின் கூடத்து ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது. வெளியே பெஞ்சில் குருமூர்த்தி துண்டை மடியில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதலில் பிரேம்குமார். விரலை நீட்டினான் பாருங்கள், சினிமாவில் கதாநாயகன் சவால் விடுவான், அப்படி. நாலு சொல்லையும் முழங்கினான். பார்வை மட்டும் கிருஷ்ணப்பன் தன்னைக் கவனிக்கிறாரா என்பதிலேயே இருந்தது. பட்டனை அழுத்தினான். பெல்ட் அசையவில்லை. தூணில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்து ஸ்வாதி, உசிலம்பட்டியிலிருந்து வந்து சிப்காட்டில் வேலை பார்க்கும் அழகர்சாமியின் மகள். அவளும் கணீரென்று நாலையும் சொன்னாள், அழுத்தினாள். ஊஹூம்.

அண்ணாதுரை சாருக்கு வேர்த்துக் கொட்டியது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். அவசர பட்டனைத் திருகிப் பார்த்தார். கரண்ட் பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

“ஏனாயித்து சார், என்ன ஆச்சு? பூஜை பண்ணி மெஷின தூங்க வச்சிட்டிங்களா?” என்றார் கிருஷ்ணப்பன். பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. “ஓடலன்னா பரீட்சை கேன்சல் தான். நான் திரும்ப வர்றதுக்கு அடுத்த மாசம் ஆயிடும்” என்று கிருஷ்ணப்பன் சொன்னதும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிரவீனா வெளியே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த மாதமா? ஒரு மாதம் அப்பா காத்திருப்பாரா? இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். போனால் போனதுதான்.

“சரி, சும்னே நிக்க வேணாம். அடுத்த ஆள் சுட்டிச் சொல்றதையாவது கேக்கறேன். யாரம்மா?”

அவள்தான் அடுத்த ஆள். கால் எப்படி முன்னால் போனது என்று அவளுக்கே தெரியாது. பெல்ட் முன்னால் நின்று விரலை நீட்டினாள்.

“பாதை காலி.”

“கேக்கலம்மா.”

“பாதை காலி!” இந்த முறை பரவாயில்லை. “கை வெளியே!”

மற்றவர்களுக்கு நாலு சொல்லும் ஒரே மூச்சில் வாயில் வந்து விழும். இவள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். அப்படி மூன்றாவது சொல்லைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், விரல் போன இடத்துக்குப் பார்வையும் போனது.

ஐயையோ!

கண்ணாடி தெரியவில்லை. வட்டமாக, கெட்டியாகக் காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம். யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம். அன்றைக்கு இந்தப் பெல்ட்டுக்கு நெற்றி எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இந்த உருண்டைதான் முகம் மாதிரி லட்சணமாக இருக்கிறது என்று ஆசை ஆசையாக அப்பியவள் அவளேதான்.

இவளுக்கு வழக்கம்போல வாய் அடைத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். பின்னாலிருந்து ஸ்வாதி, “கண் திறந்திருக்குன்னு சொல்லித் தொலைடி” என்று பல்லைக் கடித்தாள். வெளியே குருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். சொல்லிவிட்டால் மதிப்பெண் கிடைக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. சொல்லாவிட்டால் மாட்டிக்கொள்வது அவள்தான். ஆனால் பார்த்தபிறகு இல்லாததை எப்படி இருக்கிறது என்பது? அவளால் முடியவில்லை.

“கண் தொறந்து இல்ல சார்!”

அடேங்கப்பா, என்ன குரல்! மூன்று மாதம் பின்பக்கத்தில் கத்தியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது போல இருந்தது. சுஜாதா மேடம் உள் அறையிலிருந்து ஓடி வந்தார்.

“பொட்டு மறைக்குது சார். பெட்டி வந்து நிக்குதுன்னு அது நெனச்சிக்கினு இருக்குது. அதான் ஓடல. நான்தான் வச்சேன்.”

அண்ணாதுரை சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பிரேம்குமாரைப் பார்த்தார், ஸ்வாதியைப் பார்த்தார். இருவரும் கூரையில் பல்லி தேடினார்கள்.

“சரி, தொடைங்க” என்றார் கிருஷ்ணப்பன்.

சொல்வது சுலபம். பூஜையில் வைத்த பொட்டை யார் அழிப்பது? “நல்ல நாள்ல வச்சது சார், நான் தொடமாட்டேன்” என்று பிரேம்குமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “பொம்பளப் புள்ள பொட்ட அழிச்சேன்னு தெரிஞ்சா எங்காத்தா என்னையக் கொன்னே போடும்” என்றாள் ஸ்வாதி. அண்ணாதுரை சார் துணியை எடுத்துக்கொண்டு வீராப்பாக இரண்டடி போனார், அங்கேயே நின்று துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கிருஷ்ணப்பனைப் பார்த்தால் அவரும், “நான் சோதிக்க வந்தவன். மெஷின தொடக்கூடாது” என்று நைசாக நழுவினார்.

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அவசர பட்டனை அழுத்தி, “மெஷின் நிறுத்தம்!” என்று சுட்டிச் சொன்னாள். விரலைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடியிலிருந்த குங்குமத்தை அப்படியே தொட்டெடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“அழிக்கல சார். எடம் மாத்தி வக்கிறேன்.”

மீதிச் சந்தனத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள், கண்ணாடி பளிச்சென்று ஆனது. பட்டனை விடுவித்ததும் விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் விடவில்லை. முதலிலிருந்து நாலு சொல்லையும் சுட்டிச் சொன்னாள். “ஓட்டலாம்!” என்று அவள் சொன்னபோது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். பெல்ட் ஓடியது. அட்டைப்பெட்டி ஆடாமல் அசையாமல் போய், கண்ணுக்கு முன்னால் சமர்த்தாக நின்றது. விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன.

“வச்சவளே கண்டுபிடிச்சிட்டா. எங்க லைன்ல போன வருஷம் மாலைய போட்டு மறைச்சிட்டு அரை நாள் முழிச்சோம், அங்க யாரும் நான்தான்னு சொல்லல” என்றார் கிருஷ்ணப்பன். பிரவீனாவிடம், “திங்கக்கிழமை வந்து சேரம்மா” என்றார். மற்ற இருவரையும் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் மறுபடி மொதல்லருந்து. இந்த வாட்டி விரல் போற எடத்துக்குப் பார்வையும் போகணும், ஆயித்தா?” என்றார்.

குருமூர்த்தி எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தார்.

“சார்,” என்றார் கூச்சத்தோடு, “எம்பொண்ண இன்னொரு வாட்டி ஓட்டச் சொல்லுங்க சார்.”

அவள் இன்னொரு முறை ஓட்டினாள். அவர் கேட்டதால் அதற்குப் பிறகும் ஒரு முறை ஓட்டினாள்.

சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட அவளும் ஸ்வாதியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மத்தூர் வழியாகப் போகிற திருவண்ணாமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. குருமூர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பெல்ட், பெட்டி, பச்சை விளக்கு என்று ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தார். கண்டக்டர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்ற பிரவீனாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

“எங்க போறீங்க? பாப்பாவும் வருதா? சீக்கிரம் ஏறச் சொல்லுங்க.”

“மத்தூர் ஒண்ணு குடுங்க” என்றார் குருமூர்த்தி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. “பாப்பா வராது. அதுக்கு இங்க வேல இருக்குது.”